கொத்தமல்லி பூத்தும் ஏன் காய்க்கவில்லை? விதைக்கும் நாளும் செடிக்கு விடும் இடமும்

கிண்ணியாவிலிருந்து ஒரு சகோதரர் கேட்டிருக்கிறார். வீட்டு வளவில் இருபது பேர்ச் நிலம் இருக்கிறதாம். ஐப்பசிக் கடைசியில் கொத்தமல்லி விதைத்திருக்கிறார். இலை தளதளவென்று வந்தது, பூவும் பூத்தது, ஆனால் பூவெல்லாம் கறுத்து உதிர்ந்து, கடைசியில் ஒரு கைப்பிடி காய்கூடத் தேறவில்லை. ஆகவே ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் எத்தனை அங்குலம் விட வேண்டும் என்று கேட்கிறார். வெந்தயம், பெருஞ்சீரகம், கசகசா இவற்றையும் விதைக்காகப் போட நினைக்கிறாராம், அவற்றுக்கும் கணக்குச் சொல்லச் சொல்கிறார். கேள்வி அங்குலத்தைப் பற்றி இருந்தாலும், அவர் உண்மையில் கேட்பது ஏன் காய்க்கவில்லை என்பதைத்தான். அதற்கு அங்குலத்தில் பதில் இல்லை, நாட்காட்டியில்தான் இருக்கிறது. நான் விவசாயம் படித்து, தம்பலகாமம், மூதூர்ப் பக்கங்களில் நெடுங்காலம் விவசாயப் போதனாசிரியராக இருந்தவன், அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

இலைக்காகப் போடுகிற கொத்தமல்லியும் விதைக்காகப் போடுகிற கொத்தமல்லியும் ஒரே செடி என்றாலும் இரண்டு வேறு பயிர்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இலைக்கு ஈரமும் கொஞ்சம் குளிர்ச்சியும் இருந்தால் போதும், நாற்பது நாளில் பிடுங்கி விற்றுவிடலாம். விதைக்கு அப்படி இல்லை. முதல் நாற்பது, நாற்பத்தைந்து நாள் செடி வளர ஈரம் வேண்டும், அடுத்த மூன்று நான்கு கிழமை பூக்கவும் காய் பிடிக்கவும் மழையில்லாத, வெயில் சுடாத நாட்கள் வேண்டும், கடைசியில் காய் முற்றிக் காய நல்ல வறண்ட வெயில் வேண்டும். மொத்தம் 90 முதல் 110 நாள். இந்த மூன்றும் எந்த மாதங்களில் வரிசையாகக் கிடைக்கும் என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணித்தான் விதைக்கும் நாளைப் பிடிக்க வேண்டும். மழை தொடங்கிவிட்டது, நிலம் நனைந்துவிட்டது, விதைப்போம் என்று போனால் நெல்லுக்குச் சரி, மல்லிக்கு ஆகாது.

நம்முடைய திருகோணமலை மாவட்டத்தின் மழையைப் பாருங்கள். ஒக்டோபரில் ஏறத் தொடங்கி, நவம்பரிலும் டிசம்பரிலும் கொட்டித் தீர்த்து, ஜனவரியில் குறைந்து, பெப்ரவரி, மார்ச்சில் நன்றாக ஓய்கிறது. வருட மழையில் பெரும்பங்கு அந்த நான்கு மாதத்துக்குள் வந்துவிடும். புயலும் அதே காலத்தில்தான் வரும். 2000 டிசம்பர் 26இல் கிழக்குக் கரையில் ஏறிய புயலும், 2020 டிசம்பர் 2இல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்த புரேவியும் இந்தப் பக்கத்தாருக்கு மறக்காது. இப்போது ஐப்பசிக் கடைசியில் விதைத்த மல்லி எப்போது பூக்கும்? மார்கழி நடுவில். அதாவது வருடத்திலேயே மிக மோசமான நாட்களில். பூவை அந்த நேரத்தில் திறந்து வைத்துவிட்டு, இடைவெளியை ஆறு அங்குலம் ஆக்கினாலும் ஒன்பது அங்குலம் ஆக்கினாலும் காய் வராது.

ஏன் வராது என்பதைச் செடியிலேயே பார்க்கலாம். மல்லிப் பூங்குடை ஒன்றை ஒடித்துக் கையில் வைத்துக் கிட்டப் பாருங்கள். பெரிய குடைக்குள் ஐந்தாறு சின்னக் குடைகள் இருக்கும். ஒவ்வொரு சின்னக் குடையிலும் ஓரத்துப் பூக்களின் வெளி இதழ் மட்டும் பெரிதாக நீண்டிருக்கும், நடுப் பூக்கள் சின்னதாக இருக்கும். காய் பெரும்பாலும் ஓரத்துப் பூக்களில்தான் பிடிக்கும், நடுவில் இருப்பவற்றில் பல ஆண் பூக்கள், மகரந்தம் தருவதோடு சரி. அந்த ஓரத்துப் பூவிலும் மகரந்தம் முதலில் கொட்டிவிடும், மகரந்தத்தை ஏற்கிற சூல்முடி அதற்குப் பிறகுதான் தயாராகும். ஆகவே ஒரு பூவின் மகரந்தம் அதே பூவுக்குப் பெரும்பாலும் உதவாது. இன்னொரு பூவிலிருந்தோ இன்னொரு செடியிலிருந்தோ தேனீயும் இலையானும் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அடைமழையில் தேனீ பறக்காது, மகரந்தமும் கழுவிப் போகும், நனைந்த குடையில் பூஞ்சணம் பிடித்துக் கறுக்கும். சகோதரர் கண்டது இதைத்தான். அதோடு யூரியாவும் கொஞ்சம் தாராளமாகப் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன். தளதளவென்று வந்த இலையைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. தழைச்சத்து கூடினால் பூப்பது தள்ளிப்போகும், தண்டு சதைப்பிடித்துச் சாயும், நோயும் சுலபமாக ஏறும்.

அப்படியென்றால் சிறுபோகத்தில், சித்திரை வைகாசியில் போடலாமே, மழை இல்லையே என்று கேட்பீர்கள். அதுவும் ஆகாது. மே மாதத்திலிருந்து மலைநாட்டைத் தாண்டி இறங்கும் கச்சான் காற்று சூடாகவும் வறண்டும் அடிக்கிறது, பகல் வெப்பம் 33, 34 பாகைக்குப் போகிறது. மல்லி குளிர்காலப் பயிர். சூடு கூடினால் தன் ஆயுளைச் சுருக்கிக்கொண்டு, ஒரு சாண் உயரம் வருவதற்குள்ளேயே தண்டு விட்டுப் பூத்துவிடும். அத்தனை சின்னச் செடியில் எத்தனை காய் இருக்க முடியும்? இருக்கிற காயும் சோடையாகப் போகும். சிறுபோகத்தில் நிழல்வலை கட்டி இலைக்கு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள், விதைக்கு அது கட்டாது. இந்தியாவிலும் பாருங்கள், மல்லி விதை பெருமளவில் விளைகிற ராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேசத்தில் ஒக்டோபர் நடு முதல் நவம்பர் நடு வரை விதைத்து, குளிர்காலத்தில் வளர்த்து, பெப்ரவரி மார்ச்சில் அறுக்கிறார்கள். அங்கே அந்த மாதங்களில் மழை இல்லை, அதனால் அந்தத் தேதி அங்கே சரி. அதே தேதியை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பூவை வடகீழ்ப் பருவமழைக்குள் தள்ளிவிடுவோம். இணையத்தில் பார்த்து விதைப்பவர்கள் பலர் மாட்டுப்படுவது இங்கேதான்.

ஆகவே நம் பக்கத்துக்கு என் பதில்: ஜனவரி முதல் இரண்டு கிழமை, தைப்பொங்கலை ஒட்டி. அப்போது மண்ணில் ஈரம் நிறைந்திருக்கும், கன்று வேர் பிடிக்க அது போதும். பெப்ரவரி கடைசியில் பூ தொடங்கும், மழை ஓய்ந்திருக்கும், காலையில் தேனீ நன்றாக வேலை செய்யும். மார்ச்சில் காய் திரண்டு, ஏப்ரல் முதல் பாதியில் முற்றும். பெப்ரவரிக்குத் தள்ளி விதைத்தால் பூக்கும்போதே சூடு பிடித்துவிடும், ஏப்ரல் பின்னேரங்களில் இடியோடு வருகிற மழையும் பூவையும் பிஞ்சையும் நனைக்கும். டிசம்பர் கடைசியில் விதைக்கலாமா என்றால், மேட்டு நிலம், மணற்பாங்கு, தண்ணீர் நிற்காது என்றால் துணியலாம், குளிர்ந்த நாட்கள் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் ஜனவரியிலும் சில வருடம் மழை விடாமல் பெய்யும் என்பதை மனதில் வையுங்கள். நிலாவெளி, குச்சவெளி மணலில் இந்தத் துணிச்சல் பலிக்கும், கந்தளாய், தம்பலகாமம் வயல் மண்ணில் பலிக்காது. எங்கே போட்டாலும் அரை அடி உயர்த்திய மேட்டுப் பாத்தியும் சுற்றி வடிகாலும் கட்டாயம், மல்லி வேர் ஈரச் சதுப்பைத் தாங்கவே தாங்காது.

இனி அங்குலத்துக்கு வருகிறேன். வரிசைக்கு வரிசை ஒரு அடி, வரிசைக்குள் செடிக்குச் செடி நான்கு முதல் ஆறு அங்குலம். இதை நம்பிச் செய்யலாம், தமிழ்நாட்டிலும் வட இந்தியாவிலும் புழக்கத்தில் உள்ள இடைவெளிகள் இதை ஒட்டியே இருக்கின்றன. ஆனால் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு அளவுகோலோடு நிற்கத் தேவையில்லை. மல்லி இடம் கிடைத்தால் கிளை விட்டு நிரப்பும், இடம் இல்லாவிட்டால் ஒற்றைத் தண்டாக நின்று கொஞ்சம் காய்க்கும். நெருக்கி வைத்தால் செடிக்குக் காய் குறைந்து செடிகள் கூடும், அகட்டி வைத்தால் செடிகள் குறைந்து செடிக்குக் காய் கூடும். ஒரு பேர்ச்சுக்குக் கிடைக்கும் மொத்த விளைச்சல் ஓரளவு எல்லைக்குள் பெரிதாக மாறுவதில்லை. விதைக்கும் நாளில் மூன்று கிழமை தவறினால் விளைச்சல் பாதியாகலாம், இடைவெளியில் இரண்டு அங்குலம் தவறினால் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

அதற்காக இடைவெளியே முக்கியமில்லை என்று சொல்லவில்லை. அது விளைச்சலைவிட முற்றும் விதத்தைத்தான் அதிகம் மாற்றுகிறது, விதைக்காரருக்கு அது பெரிய விஷயம். அகல விட்ட செடி ஒன்றைப் பங்குனி நடுவில் போய்ப் பாருங்கள். நடுத்தண்டின் உச்சிக் குடையில் காய் பழுப்பாகி, தொட்டால் உதிர நிற்கும். அதற்குக் கீழே புறப்பட்ட கிளைகளின் குடையில் காய் பச்சையாக, உருண்டையாக இருக்கும். அந்தக் கிளையிலிருந்து பிரிந்த சின்னக் கிளையில் இன்னும் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூ இருக்கும். மூன்று வயதும் ஒரே செடியில். எப்போது அறுப்பீர்கள்? உச்சிக் குடைக்காக அறுத்தால் மற்றவை பிஞ்சு, மற்றவற்றுக்காகக் காத்திருந்தால் உச்சிக் காய் மண்ணில். மல்லியில் நல்ல தடித்த காய் உச்சிக் குடையிலும் முதல் கிளைகளிலும்தான் வரும், கடைசிக் குடைகள் பெரும்பாலும் சோடை. கொஞ்சம் நெருக்கி வைத்தால் கடைசிக் கிளைகள் புறப்படாது, செடிகள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக முற்றும், ஒரே அறுப்பில் வேலை முடியும். எங்களுடைய சூடு சீக்கிரம் வந்துவிடுகிற காலநிலையில், பிந்திய குடைகள் நிரம்ப நேரமே கிடைப்பதில்லை, ஆகவே நான் நெருக்கத்தின் பக்கம்தான்.

அளவு மீறி நெருக்கினால் என்ன என்றால், தண்டு நூலாக நீண்டு காற்றில் சாயும், உள்ளே காற்று ஓடாமல் சாம்பல் நோய் பிடிக்கும். மாசிப் பனி இறங்குகிற காலத்தில் இலையில் மா பூசினதுபோல் வெள்ளை படிவது அதுதான். நனையும் கந்தகம் ஆரம்பத்திலேயே அடித்தால் நிற்கும், முற்றிய பிறகு அடித்துப் பயனில்லை. வரிசையைக் காற்று ஓடும் திசையில் போட்டால் பாதித் தொல்லை குறையும். பூக்கும் நேரத்தில் அழுக்கணவன் பூச்சி குடைக்குள் அடைவது வழக்கம். மருந்து அடித்தே ஆக வேண்டுமென்றால் தேனீ போன பிறகு, பொழுது சாய்கிற நேரத்தில் அடியுங்கள். காலையில் அடித்துத் தேனீயைக் கொன்றால் காயையும் நீங்களே கொன்றதாகும்.

நாளும் இடைவெளியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதையும் சொல்ல வேண்டும். காலத்தோடு விதைத்த செடி பெரிதாக வரும், அதற்கு ஆறு அங்குலம் கொடுக்கலாம். ஏதோ காரணத்தால் ஜனவரி கடைசிக்குத் தள்ளிப்போய்விட்டது என்றால் செடி சின்னதாகத்தான் நிற்கும், அதற்கு மூன்று நான்கு அங்குலமே போதும், வரிசையையும் ஒன்பது அங்குலமாகக் குறைக்கலாம். பிந்திய விதைப்பில் அகல விட்டால் வெறும் நிலத்துக்கும் கோரைக்கும்தான் தண்ணீர் பாய்ச்ச வேண்டிவரும். மாறாக, தண்ணீர் பாய்ச்ச வழியில்லை, மண்ணில் இருக்கிற ஈரத்திலேயே விளைய வேண்டும் என்றால் கொஞ்சம் அகட்டுங்கள், நெருங்கிய செடிகள் காய் நிரம்பும் முன் ஈரத்தைக் குடித்துத் தீர்த்துவிடும்.

விதை அளவு: நீர்ப்பாசனத்தில் ஹெக்டேயருக்கு 10 முதல் 15 கிலோ என்பது வழக்கம், இருபது பேர்ச்சுக்கு 500 முதல் 750 கிராம் வரும். அந்த உருண்டை ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு விதை இருக்கிறது. செருப்பால் அல்லது பலகையால் மெல்லத் தேய்த்து இரண்டாகப் பிளந்து, ஒரு இரவு ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் விதையுங்கள். பிளக்காமல் போட்டால் இரண்டு கன்றும் ஒரே இடத்தில் முளைத்து ஒன்றையொன்று நெருக்கும். முளைக்க எட்டு நாளும் ஆகலாம், பதினைந்து நாளும் ஆகலாம். மூன்றாம் கிழமையில் மெலிந்த கன்றுகளைக் களைந்து இடைவெளியைச் சரிசெய்யுங்கள், களைந்ததைச் சம்பலுக்குக் கொடுத்துவிடலாம். முதல் ஆறு கிழமை களை இல்லாமல் வைத்தால் அப்புறம் செடியே நிலத்தை மூடிக்கொள்ளும்.

எந்த விதை என்பதும் தேதிக்கு அடுத்தபடி முக்கியம். தோட்டக்கடையில் பொதிசெய்து விற்கிற கொத்தமல்லி பெரும்பாலும் இலைக்காகத் தேர்ந்த இனம், தாமதமாகப் பூப்பதுதான் அதன் சிறப்பு, விதைக்கு அதுவே குறை. பலசரக்குக் கடை மல்லி விதை இனமாக இருக்கும், ஆனால் எத்தனை காலம் களஞ்சியத்தில் கிடந்தது என்று சொல்ல முடியாது. ஐம்பது உருண்டையை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள், பாதிக்கு மேல் முளைத்தால் நம்பி விதைக்கலாம். உருண்டை பெரிதாக, நீள்வட்டமாக இருக்கிற வகை சீக்கிரம் முற்றும், வெப்ப நாடுகளுக்கு ஏற்றது. சின்ன உருண்டை வகையில் எண்ணெயும் மணமும் கூடுதல், ஆனால் அது குளிர் நாடுகளின் பயிர், முற்ற நாளெடுக்கும். நமக்குப் பெரியதுதான்.

மற்ற மூன்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன். வெந்தயத்துக்கு மல்லியின் தேதியே சரி, ஒரு அடி வரிசை, நான்கு அங்குலம். அது தன் பூவைத் தானே சேர்த்துக்கொள்ளும், தேனீயை நம்பியில்லை, காயும் சுலபமாகச் சிதறாது, அவரைக் குடும்பம் என்பதால் தழைச்சத்தும் அதிகம் கேட்காது. முதன்முதல் விதைக்குப் பயிர் வைப்பவருக்கு மல்லியைவிட இது இலகு. பெருஞ்சீரகம் ஆள் உயரம் போகிற, ஐந்து ஆறு மாதம் நிற்கிற செடி. நாற்று விட்டு நட வேண்டும், இரண்டு அடிக்கு ஒரு அடியாவது விட வேண்டும். நவம்பரில் மழை படாத இடத்தில் நாற்று விட்டு, ஜனவரியில் நட்டால் பூவைப் பெப்ரவரி கடைசி, மார்ச்சுக்குக் கொண்டுவரலாம் என்பது என் கணக்கு. ஆனால் காய் நிரம்பும்போது ஏப்ரல், மே வெயில் வந்துவிடும் என்பதால், இதில் மல்லியைப்போல் உறுதி சொல்ல மாட்டேன், இரண்டு பாத்தியில் பார்த்துவிட்டுப் பெருக்குங்கள். சின்னச்சீரகம் யாராவது சொன்னாலும் வேண்டாம், அது ராஜஸ்தான், குஜராத் வறண்ட குளிரில் விளைவது, நம் கடற்கரை ஈரக்காற்றில் நோய் அள்ளிக்கொண்டு போகும்.

கசகசாவை, நோன்பு காலத்துச் சர்பத்திலும் ஃபலூடாவிலும் போடுகிறோமே அதைத்தான் சொல்கிறேன், சிறுபோகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். துளசி இனம் ஆகையால் சூடு அதற்குப் பிடிக்கும். மார்ச்சில் நாற்று விட்டு ஏப்ரலில் ஒன்றரை அடி இடைவெளியில் நட்டால் ஜூலை, ஓகஸ்டில் கதிர் முற்றும். இதில் ஒன்றே ஒன்றில் கண்டிப்பாக இருங்கள்: முற்றிய கதிரில் மழை படக்கூடாது. தண்ணீரில் போட்டால் விதையைச் சுற்றி வழுவழுப்பு ஊறுகிறது அல்லவா, கதிரிலேயே நனைந்தாலும் அதே வழுவழுப்பு ஊறி, விதை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், பிறகு காயவைத்தாலும் விலை போகாது. கதிரின் கீழ்ப்பாதி பழுப்பானதும் அறுத்து நிழலில் உலர்த்துங்கள், மேல்நுனி காயட்டும் என்று காத்திருந்தால் கீழே உள்ளது கொட்டிப்போகும்.

இதில் எனக்கு உறுதியானது எது, இல்லாதது எது என்பதையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். பூ மழையில் மாட்டக்கூடாது, சூடு ஆயுளைச் சுருக்கும், நெருக்கம் கிளையைக் குறைத்து முற்றுவதை ஒன்றாக்கும், இவை செடியின் குணம், எந்த ஊரிலும் மாறாது. அங்குலக் கணக்கு வேறு ஊர் மண்ணில் செய்து பார்த்தது, இங்கே ஓரிரண்டு அங்குலம் கூட்டிக் குறைக்க வேண்டி வரலாம். ஜனவரி இரண்டு கிழமை என்று சொன்னதும் சராசரி வருடத்துக்கான கணக்கு, பருவமழை முந்தியோ பிந்தியோ வந்தால் அதுவும் நகரும். ஆகவே இருபது பேர்ச்சையும் ஒரே நாளில் விதைக்காதீர்கள். மூன்றாகப் பிரித்துப் பத்து நாள் இடைவிட்டு விதையுங்கள், ஒவ்வொரு பங்குக்குள்ளும் பாதிக்கு நான்கு அங்குலம், பாதிக்கு ஆறு அங்குலம் விடுங்கள், அறுத்ததைத் தனித்தனிச் சாக்கில் நிறுத்து எழுதி வையுங்கள். உங்கள் வளவுக்கான பதிலை என்னைவிட அந்தத் தராசு சரியாகச் சொல்லும். எதிர்பார்ப்பையும் அளவாக வையுங்கள், தமிழ்நாட்டு மானாவாரியில் ஹெக்டேயருக்கு 300, 400 கிலோ என்பதே சாதாரண விளைச்சல். அந்தக் கணக்கில் உங்கள் நிலத்துக்கு 15, 20 கிலோ. தண்ணீர் பாய்ச்சினால் அதைவிடக் கூடும். வீட்டுக்குத் தாராளமாகக் காணும், கொஞ்சம் விற்கவும் செய்யலாம், கடன் எடுத்துச் செய்யிற பயிர் இல்லை.

அறுப்புக்கு அடையாளம் கேட்டால், பாதிக் காய் பச்சை மாறிப் பழுப்புக்குத் திரும்பும் நாள். சந்தேகம் இருந்தால் ஒரு காயைக் கசக்கி மணந்து பாருங்கள். பச்சைக் காயில் மூட்டைப்பூச்சி வாடை வீசும், முற்ற முற்ற அது அடங்கி நமக்குத் தெரிந்த மல்லி மணம் ஏறும். வாடை இருக்கும்போதே அறுத்தால் காய்ந்த பிறகும் மணம் மட்டமாகத்தான் இருக்கும். விடியற்காலையில், பனி ஈரம் செடியில் இருக்கும்போதே வேரோடு பிடுங்குங்கள் அல்லது அடியில் அறுங்கள், வெயில் ஏறினால் கை பட்டாலே கொட்டும். படங்கு விரித்துச் சின்னக் கட்டுகளாக நிறுத்தி இரண்டு மூன்று நாள் நிழலில் வாடவிட்டு, தடியால் மெல்லத் தட்டிச் சுளகில் புடைத்தெடுங்கள். அடுத்த வருட விதைக்கென்று எடுப்பதை உச்சிக் குடைகளிலிருந்து மட்டும், பூக்கப் பிந்திய செடிகளையும் முன்கூட்டியே தண்டு விட்ட குட்டைச் செடிகளையும் விலக்கி, தனியாகத் தட்டி வைத்துக்கொள்ளுங்கள்.